கை நனைக்காத ஈ

போன வாரம், பூச்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் ஒரு ஈயின் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பி, "சார், ஒரகடத்துல ஒரு வீட்டுக் கொல்லையில எடுத்தது. இது என்ன ஈ? கொஞ்சம் அவசரம்" என்று கேட்டிருந்தார். "எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டேன். பெருசுக்குத் தெரியவில்லை, நழுவுகிறது என்று நினைத்திருப்பார். பிறகு, "கார் கண்ணாடி மேல சார்" என்று வந்தது. "அந்த வீட்டம்மா என்ன சொன்னாங்க?" என்று அடுத்ததைக் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. வரும்வரை, இந்த இரண்டு கேள்விகளையும் நான் எங்கே வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சும்மா வாங்கவில்லை, மானத்தைக் கொடுத்து வாங்கினேன்.

எனக்கு அரசாங்கம் கொடுத்த பதவியின் பெயர் பூச்சி சேகரிப்பவர். ஊர் கொடுத்த பெயர் கொசு சார். விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்து, சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை ஒரு கண்ணாடிக் குழாயால் வாய்வைத்து உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்ள என்னா வேல செய்றாரு?" என்று கேட்டதற்கு என் மாமா, "அரசாங்கத்துல உறிஞ்சறாரு" என்று சொல்லிவிட்டார். அந்த இடம் தட்டிப் போனது. அதற்காக நான் மாமாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வாக்கியத்தை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். என்னிடம் எப்போதும் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்றில் கொசுக் கணக்கு, இன்னொன்றில் ஜனங்கள் பேசுவது. இரண்டாவது நோட்டுதான் சீக்கிரம் தீரும்.

பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததெல்லாம் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய பூச்சிப் புத்தகம். அட்டை கிடையாது, கடைசி நாற்பது பக்கமும் கிடையாது. அதனால் என் பூச்சி அறிவும் ஒரு இடத்தில் பொசுக்கென்று நின்றுவிடும். இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி உத்தியோகமாக இருந்தது.

1991. இன்றைக்கு நீங்கள் ஒரகடம் மேம்பாலத்தின் மேல் நின்று பார்க்கிற கம்பெனிகள் எதுவும் அன்று கிடையாது. வயல், ஏரி, சீமைக் கருவேலம், நடுவில் அங்கங்கே ஒரு சின்னப் பட்டறை. அதில் ஒன்று, மோட்டார் பம்புக்கு இரும்பு வார்க்கிற இடம். அங்கே வேலை செய்தவர்களுக்கு மதியச் சாப்பாடு ஞானம்மா வீட்டில். ஞானம்மா பக்கத்துக் காலனிக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதற்காக மட்டும் அடுப்பை அணைக்கிறவர். வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை, நாலு பெஞ்சு, எவர்சில்வர் தட்டு. எனக்கு அவரை அப்போது தெரியாது. அவருக்கு எதிராக வந்த மனுவைத்தான் முதலில் தெரியும்.

மனுவைக் கொண்டுவந்தவர் தணிகாசலம். பட்டறையில் உலைக்காரர், சாப்பாட்டுக் கமிட்டியில் உறுப்பினர். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா மேஜை மேல் ஒரு கத்தை போட்டோவை வைத்தார். அவருடைய மச்சான் துபாயிலிருந்து கேமரா கொண்டுவந்திருந்தார். அக்கா பெண்ணின் காதுகுத்து முப்பத்தைந்து படம். ரோலில் மிச்சமிருந்த முப்பத்தாறாவது படம் ஞானம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு ஈ. படப்பை ஸ்டூடியோவில் கழுவி வாங்கியிருந்தார்.

"ஈயா, கொளவியா, இன்னா கருமாந்திரமோ தெர்ல மேடம். கருப்பா, நீட்டமா கீது. அந்தக்கா வூட்டு குப்பக் குழிகிட்ட எந்நேரமும் சுத்திகினு கீது. சாப்புட சொல்லோ செவுத்துல புழு ஏறுது மேடம். நேத்து ஒருத்தன் பீடி எடுக்க பாக்கெட்ல கைய வுட்டான், புழு வந்துச்சு. அத்தோட எவனுக்கும் சோறு எறங்கல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பூச்சி உங்க சப்ஜெக்ட்தானே? நாளைக்குள்ள எழுதிக் குடுங்க."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "எனக்குக் கொசு தெரியும் மேடம், ஈ தெரியாது" என்பது. சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு டாக்டர் 'கொசு சார்' என்னாமல் 'சப்ஜெக்ட்' என்று சொல்லி என் பக்கம் கை காட்டியது அதுவே முதல் தடவை. முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. "எழுதிடறேன் மேடம்" என்றேன்.

லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். என் புத்தகத்தில் கிழியாமல் இருந்த முதல் பாடமே இதுதான்: ஈ இனத்துக்கு ரெக்கை இரண்டு, குளவி இனத்துக்கு நாலு. படத்தில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடியும் எண்ணினேன். நாலேதான். எனக்குத் தெரிந்த ஒரே பாடத்திலிருந்து கேள்வி வந்துவிட்ட சந்தோஷத்தில், அன்றே நாலு வரி எழுதினேன்:

'படத்தில் காணப்படுவது ஈ அன்று, குளவி. ஆகவே மேற்படிப் புழுக்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே அப்புழுக்கள் அசுத்தத்தில் பெருகும் வீட்டு ஈயின் புழுக்களே. ஆகவே சமையல் உடனே நிறுத்தப்பட வேண்டும்.'

அந்த 'ஆகவே' இருக்கிறதே, அதை மூன்று தடவை எழுதியதும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. மூன்றில் ஒன்றுக்காவது நான் எழுந்து போய் எதையாவது பார்த்தேனா என்றால், இல்லை. புழுவைப் பார்க்கவில்லை, குழியைப் பார்க்கவில்லை, அந்த வீட்டையே பார்க்கவில்லை. ஒரு போட்டோவை வைத்து ஒரு அடுப்பை அணைத்தேன்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். புதன்கிழமையிலிருந்து ஞானம்மா வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது என்று பட்டறைக்குக் கடிதம் போனது. சனிக்கிழமை கமிட்டி கூடி, ஸ்ரீபெரும்புதூரில் வேறு ஒருவரிடம் சாப்பாட்டை நிரந்தரமாகக் கொடுப்பதாகப் பேச்சு. கடிதத்தின் நகலை ஞானம்மாவிடம் சேர்க்கும் வேலை வியாழக்கிழமை எனக்கு வந்தது.

நான் போனபோது அவர் கொல்லையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிட ஆளே இல்லாதபோது எந்தத் தட்டு என்று கேட்டேன்.

"கழுவுன தட்டுதான் சார். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

கடிதத்தைக் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, விஷயம் தெரியும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"கல்லு கொவாரில நாலு வருசம் கல்லு ஒடச்சன் சார். சோறு பொங்க ஆரம்பிச்சி மூணு வருசம் ஆவுது. இப்பதான் இது கை மாறி கீது. திரும்ப சுத்தியல எடுன்னு எழுதிக் குடுத்துக்கீற."

ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன். ஆய்வுக்குப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஞானம்மா சிரித்துவிட்டார். "நீயும் அந்த ஈ மாறிதான் சார்."

"எந்த ஈ?"

"போட்டா புடிச்சானே தணிகாசலம், அந்த ஈ. நா மூணு மாசமா பாத்துகினு கீறன். பாத்தா கொளவி மாறி கீது, கொட்டாது. ஈ மாறி வருது, மொய்க்காது. சோத்து மேல குந்தாது, கொயம்பு மேல குந்தாது, சீனி டப்பா தெறந்து கெடந்தாகூட அண்டாது. சாவு வூட்டுக்கு வந்தவன் மாறி வரும், சும்மா குந்தும், கை நனைக்காம போயிகினே இருக்கும்."

துக்கம் விசாரிக்கப் போனால் அங்கே எதையும் சாப்பிடாமல் எழுந்து வருவது இந்தப் பக்கத்து வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னது என் இரண்டாவது நோட்டுக்குள் போயிற்று. முதல் நோட்டுக்குள் போயிருக்க வேண்டிய வாக்கியம் அது. குப்பையில் உட்கார்ந்துவிட்டுச் சோற்றிலும் உட்கார்ந்தால்தானே ஈ நோயைக் கொண்டுவரும்? சோற்றுக்கே வராத ஈ எதைக் கொண்டுவரும்? மூன்று மாத ஆராய்ச்சியின் முடிவை ஒரு மனுஷி என் முன்னால் வைக்கிறார், நான் அதில் உள்ள அழகை மட்டும் ரசித்துவிட்டு, "அது ஈயே இல்லைம்மா. நாலு ரெக்கை இருக்கு, குளவி" என்றேன். சும்மா சொல்லவில்லை. பையிலிருந்து போட்டோவையும் லென்ஸையும் எடுத்து, பள்ளிக்கூட வாத்தியார் போலக் காட்டினேன்.

ஞானம்மா லென்ஸை வாங்கவில்லை. போட்டோவை ஒரு பார்வை பார்த்தார்.

"இது என் தட்டு சார்!"

"எது?"

"இன்னா எதுன்ற? பேரு வெட்டிக்கீது பாரு."

பார்த்தேன். ஈக்குப் பக்கத்திலேயே, புள்ளி புள்ளியாக, பாத்திரக்கடையில் பொறித்த எழுத்து: 'ஞா'. இரண்டு நாளாக லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான். ரெக்கையை எண்ணியவனுக்கு அதன் பக்கத்தில் கட்டை விரல் அளவுக்கு இருந்த எழுத்து தெரியவில்லை. அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஞானம்மா கழுவிய தட்டு ஒன்றை எடுத்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு நுனி படும்படி தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல பாத்தா எனக்குங்கூட ரெண்டு மூக்குத்தி கீது சார். எழுதிக்க."

தட்டுக்கு வெளியே ஒரு மூக்கு, உள்ளே ஒரு மூக்கு. இந்தப் பக்கம் ஒரு மூக்குத்தி மின்னியது, அந்தப் பக்கம் ஒன்று மின்னியது. லென்ஸைப் பைக்குள் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிராணியே வந்தது. கருப்பாக, ஒல்லியாக, கால் நுனி மட்டும் வெள்ளையாக. வெயிலில் காய்ந்த தட்டின் மேல் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். நாலு ரெக்கை. தட்டிலிருந்து எழும்பி விறகின் மேல் போய் உட்கார்ந்தது. இரண்டு ரெக்கை. விறகில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இரண்டே ரெக்கைதான். எந்த அவசரமும் இல்லாமல் நிதானமாக உட்கார்ந்திருந்தது. என்னை எண்ண விட்டது என்றே சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் குழியைப் பார்த்தேன். நான் பார்க்காமலே அறிக்கை எழுதிய புழுக்கள். வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, சோற்றுப் பருக்கை போல இருக்கும். இவை பழுப்பு, தட்டை, தோல் கெட்டி. வளர்ந்த புழுக்கள் குழியை விட்டு ஏறி, காய்ந்த இடம் தேடி விறகுக் குவியலுக்கும் கொட்டகைச் சுவருக்கும் போய்க்கொண்டிருந்தன. வழியிலேயே கோழிகள் பாதியைத் தீர்த்துவிட்டன. ஞானம்மா மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழி கொட்டகைக்கு நாலே எட்டில் இருந்தது. ஆனால் நாலு எட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டினால் தீர்கிற விஷயத்துக்கு அடுப்பை அணைத்திருந்தேன்.

அங்கிருந்து சுகாதார நிலையத்துக்கு சைக்கிள் மிதித்தபோது என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. குளவி என்று எழுதியது தப்பு என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. ஞானம்மாவுக்கு எழுதத் தெரியாது. சனிக்கிழமை போய்விட்டால் எல்லாம் மறந்துபோகும். ஏரிக்கரை மேட்டில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, கைப்பிடியில் இருந்த என் கையைப் பார்த்தேன். கொசு பிடிக்கிற கை, மெத்தென்று இருந்தது.

டாக்டரம்மாவிடம் திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன். 'மறு ஆய்வில் கிடைத்த கூடுதல் விவரங்களின் அடிப்படையில்' என்று ஆரம்பித்திருந்தேன். படித்தார். சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

"தப்புன்னா மூணே எழுத்துதான். அத எழுதிட்டு மேல எழுதுங்க."

"என் வேலைக்கு ஏதாவது..."

"உங்க வேலைக்கு மெமோ வரும். நான்தான் தருவேன். நானும் பார்க்காமதான் கையெழுத்துப் போட்டேன், அதனால எனக்கும் ஒண்ணு எழுதிக்கறேன். இப்ப எழுதுங்க."

'என் முந்தைய அறிக்கை தப்பு' என்று எழுதினேன். உங்கள் உத்தியோகத்தில் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது எழுதிப் பாருங்கள். ஈயின் பெயர் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டமான காரியம் அது.

சனிக்கிழமை கமிட்டி. பட்டறை வாசல் வேப்பமரத்தடியில் எட்டுப் பேர். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தட்டு, மூக்குத்தி உட்பட. ஒருவரும் சிரிக்கவில்லை. தணிகாசலம்தான் பேசினார்.

"சார், செவ்வாக்கெயம கொளவின்னீங்க. இன்னிக்கி ஈன்றீங்க. திங்கக்கெயம இன்னா, மயிலா?"

அப்போது சிரித்தார்கள். நான் சொன்னேன்: "புழுவையும், கூடு கட்டினதையும் ஒரு பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். பத்து நாள் குடுங்க. அதிலேர்ந்து இந்த ஈதான் வரும். வந்தா நான் சொல்றது நிஜம்."

"பத்து நாள் நாங்க எங்க சாப்புடறது?"

"வீட்டிலேர்ந்து கட்டிட்டு வாங்க."

"நாங்க கட்டிகினு வரோம். நீங்க?" தணிகாசலம் பீடியை அணைத்தார். "பத்து நாளும் மதியம் நீங்க அந்தக்கா கையால சாப்புடுங்க. அதே கொட்டாய்ல, அதே பெஞ்சுல. நாங்க வந்து பாப்போம். உங்களுக்கு ஒண்ணும் ஆவல, பாட்டில்லேர்ந்து நீங்க சொன்னது வந்துச்சுன்னா, ஆயுத பூஜ சாப்பாடே அங்கதான். வர்லன்னா அக்கா அடுப்பும் போச்சு, உங்க பேச்சும் போச்சு."

பச்சைத் தண்ணீர் குடிக்காத என் சட்டம் அந்த வேப்பமரத்தடியிலேயே செத்தது.

ஞாயிறு போக, திங்கள் முதல் நாள். குழி தள்ளிப் போயிருந்தது, சுற்றிலும் சாம்பல் போட்டிருந்தது. காலியான நாலு பெஞ்சில் நான் ஒருவன், முன்னால் தட்டு, தட்டுக்கு முன்னால் கொசுவலைத் துணி கட்டிய ஊறுகாய் பாட்டில். வாசலில் ஆறேழு பேர் வேடிக்கை. "சார் முழுங்கிட்டாருடா!" என்று ஒருவர் நேர்முக வர்ணனை வேறு.

ஞானம்மா சோறு போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்: "மெய்யாலுமே வருமா சார்?"

"வரும்மா" என்றேன். எனக்குத் தெரியாது. என் புத்தகத்தில் அந்தப் பாடம் காணாமல் போன நாற்பது பக்கத்துக்குள் இருந்தது. பத்து நாள் என்றது கொசுக் கணக்கை வைத்து அடித்துவிட்டது. கூட்டுக்குள் ஒரு மாதம் இருந்தால்? பாட்டிலில் செத்துப் போயிருந்தால்? நான் எழுதியதில் ஒரு தடவை அணைந்த அடுப்பு, நான் வாயால் சொன்னதில் இரண்டாம் தடவை அணையப் போகிறது என்ற பயத்தோடு சாப்பிட்டேன். இத்தனைக்கும் அவர் வைத்த கத்திரிக்காய்க் குழம்பு பிரமாதம். பயத்திலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

நாலாம் நாள் வேடிக்கை பார்க்க ஆள் குறைந்தது. ஆறாம் நாள் தணிகாசலம் மட்டும் வந்தார். பாட்டிலைத் தூக்கிக் குலுக்கப் பார்த்தார். "கொழந்த தூங்குது, வெய்யிடா கீய" என்று ஞானம்மா அதட்டினார். எட்டாம் நாளும் பாட்டிலில் அசைவில்லை. சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, கொல்லை மூலையில் பழைய சுத்தியல் ஒன்றுக்குப் புதுக் கைப்பிடி போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் ரசத்துக்குப் போயிருந்தேன். தணிகாசலம் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்தினார்.

"சார்."

பாட்டிலுக்குள் ஒரு கூட்டின் முனை பிளந்து, கருப்பாக ஒன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ரெக்கை கசங்கிய துணி போல இருந்தது. மெதுவாக விரிந்தது. தணிகாசலம் பாட்டிலை முகத்தருகே வைத்துக்கொண்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு." நிறுத்தினார். பாட்டிலைத் திருப்பி இன்னொரு பக்கம் பார்த்தார். "ரெண்டுதான் சார்." பிறகு வாசலுக்குப் போய்ப் பட்டறைப் பக்கம் பார்த்துக் கத்தினார்: "டேய், ரெண்டுதான்டா! வாங்கடா!"

ஞானம்மா வரவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். "பொக" என்றார் என்னிடம். அடுப்பில் கங்குதான் இருந்தது.

அந்த ஈயைப் பஞ்சில் சுற்றி ஒரு விவசாயக் கல்லூரிக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. சிப்பாய் ஈ வகையாம். கடிக்காது, கொட்டாது. புழுவாக இருக்கும்போதே தின்று முடித்துவிடுமாம். வளர்ந்த பிறகு தீனி தேடி அலைவதில்லையாம். அதை ஞானம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அத்தத்தான் நா ஒரே பேச்சுல சொன்னன். அதுக்கு எதுக்கு ஸ்டாம்பு?" என்றார்.

ஆனால் என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த விருது அஞ்சலட்டை இல்லை. ஈ வந்த மறுநாள் மதியம் கொட்டகையில் உட்கார இடமில்லை. எனக்கு இனி அங்கே வேலை இல்லை, ஆனாலும் கால் போய்விட்டது. பெஞ்சில் இடுக்கி உட்கார்ந்தேன். எல்லோருக்கும் வரிசையாகத் தட்டு வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. ஞானம்மா கொல்லைக்குப் போய் வாழை இலை ஒன்றை நறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தார்.

"எனக்கு மட்டும் ஏம்மா இலை?"

"உனுக்குத் தட்டு ஆவாது சார். ஒரு கரண்டி போட்டா ரெண்டு கரண்டின்னு ரிப்போர்ட் எழுதிடுவ."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. தணிகாசலத்துக்குப் புரை ஏறியது. நான் இலையில் தண்ணீர் தெளித்தேன், கை நனைந்தது.